ஆக்டோபஸி அண்ணாச்சி

ஆக்டோபஸி படத்தை யாரோடு வேண்டுமானாலும் உட்கார்ந்து பாருங்கள். கடன் கொடுத்தவரோடு பாருங்கள், பாகப்பிரிவினையில் பேச்சு முறிந்துபோன சித்தப்பாவோடு பாருங்கள். ஆக்டோபஸி அண்ணாச்சியோடு மட்டும் பார்த்துவிடாதீர்கள்.

ஏனென்றால் அவர் படத்தைப் பார்க்க மாட்டார். உங்களைப் பார்ப்பார்.

இதற்கென்றே அவர் வீட்டு ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, டி.வி.க்குப் பக்கத்தில், நம்மைப் பார்த்தாற்போல் போட்டிருக்கும். அதில் உட்கார்ந்தால் திரை தெரியாது. அவருக்குத் தெரியவும் வேண்டாம். சத்தத்தை வைத்தே எந்த இடம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். நாம் சோபாவில் இருப்போம். கையில் காராச்சேவுத் தட்டு. சாத்தூர்ச் சரக்கு, அதில் குறை சொல்ல முடியாது. ஜேம்ஸ்பாண்டாக ரோஜர் மூர் இந்தியாவில் வந்து இறங்குவார். ஓரமாக ஒரு பாம்பாட்டி உட்கார்ந்திருப்பான். அவன் மகுடியை வாயில் வைப்பதற்கு மூன்று விநாடி இருக்கும்போது அண்ணாச்சி முன்னால் சாய்வார்.

"இப்ப பாருங்க."

பற்றவைத்த திரியைப் பார்க்கிற மாதிரி நம் முகத்தைப் பார்ப்பார். நாம் வெடிக்க வேண்டும்.

மகுடியில் வருவது ஜேம்ஸ்பாண்டின் அடையாள இசை. ஊதுகிறவர் விஜய் அமிர்தராஜ். மெட்ராஸ்காரர், விம்பிள்டன் கால் இறுதி வரை போனவர், படத்தில் அவர் பெயரும் விஜய்தான். இதற்கு நாம் ஆச்சரியப்பட வேண்டும். புருவம் மட்டும் உயர்ந்தால், "கவனிக்கலையோ?" என்று கேட்டு ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டுவார். மறுபடி மகுடி. மறுபடி "இப்ப பாருங்க". வெறும் "அட" போதாது. "அட, நம்ம விஜய் அமிர்தராஜ்!" என்று முழுசாகச் சொன்னால்தான் படம் மேலே நகரும். ரொம்பவும் துள்ளிக் குதித்தாலும் ஆபத்து. நடிக்கிறோம் என்று சந்தேகம் வந்துவிட்டால், நிஜ ஆச்சரியம் வரும்வரை பின்னால் ஓட்டுவார். பாம்பு பாவம்.

மகளைக் கட்டிய மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர். மறுவீட்டு விருந்துக்கு வந்தவரை இலையிலிருந்து எழுந்த கையோடு சோபாவில் உட்காரவைத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு விஜய் அமிர்தராஜ் யார் என்றே தெரியவில்லை. மரியாதைக்குச் சிரித்தார், அதுவும் இரண்டு விநாடி முந்தி, "இப்ப பாருங்க"வுக்கும் முன்னால். அண்ணாச்சி மகளைக் கூப்பிட்டு, "மாப்ளே நல்ல பையன்தான், ஆனா அவசரக்காரர்" என்று வருத்தப்பட்டாராம். இன்றுவரை அந்த மாப்பிள்ளை தீபாவளிக்கு வந்தால் வாசலில் வெடி போடுகிற சாக்கில் ஹாலுக்குள் வருவதே இல்லை.

இந்த வகை ஆட்களை உங்களுக்குத் தெரியும். ஒருவருக்கு எம்.ஜி.ஆர். படம், இன்னொருவருக்கு 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அண்ணாச்சிக்கும் அதே 1983தான், ஜூன் மாதம்தான். ஆனால் கபில்தேவ் கோப்பையைத் தூக்கியது அவருக்கு அந்த மாதத்தின் இரண்டாவது செய்தி. முதல் செய்தி, பாண்ட் வரிசையின் பதின்மூன்றாவது படத்தில் மெட்ராஸ் பையன் ஒருவன் லண்டன் உளவுத்துறைக்கு வேலை பார்த்தது.

மதுரைக்குப் போய்த்தான் முதலில் பார்த்தார். ஒரு சமயம் ரீகல் என்பார், மற்றொரு சமயம் பரமேஸ்வரி என்பார். கேட்டால், "தியேட்டரா முக்கியம்?" என்பார். அப்புறம் வீடியோ கேசட், விசிடி, டிவிடி. உலகத்தில் படம் பார்க்க என்ன புதுக் கருவி வந்தாலும் அதில் முதலில் ஏறியது ஆக்டோபஸிதான். இப்போது பென் டிரைவ். அதை வீட்டுச் சாவிக்கொத்தில் கோத்து இடுப்பில் செருகியிருக்கிறார். கல்யாண வீடோ, பேங்கோ, எங்கே போனாலும் படம் கூடவே போகிறது.

பாண்டாக நடித்த ஆறு பேரில் யார் ஒசத்தி என்று ஊரில் ஒரு சண்டை எப்போதும் உண்டு. ஷான் கானரியா, ரோஜர் மூரா என்று டீக்கடையில் மண்டை உடையும். அண்ணாச்சி அதில் கலந்துகொள்வதில்லை. அவர் கணக்கு ஒரே கேள்விதான்: விஜய் அமிர்தராஜோடு ஆட்டோவில் போனது யார்? ரோஜர் மூர். முடிந்தது. ஷான் கானரியும் அதே 1983 அக்டோபரில் வேறொரு கம்பெனிக்காகப் பாண்டாக நடித்து ஒரு படம் வந்தது, வசூலில் ஆக்டோபஸிதான் முந்தியது என்ற தகவலை மட்டும் போகிறபோக்கில் போட்டுவிட்டுப் போவார்.

டென்னிஸ் தெரியுமா என்று கேட்காதீர்கள். தெரியாது. மட்டையைக் கையில் தொட்டதில்லை. ஆனால் எழுபதுகளில் பத்திரிகைக்காரர்கள் டென்னிஸின் ஏ, பி, சி என்று அமிர்தராஜ், போர்க், கானர்ஸ் மூவரையும் வரிசைப்படுத்தியது தெரியும். 1981 விம்பிள்டனில் அதே கானர்ஸை முதல் இரண்டு செட்டில் வீழ்த்திவிட்டு, ஐந்தாவது செட்டில் விஜய் தோற்றதும் தெரியும். ஊரே வருத்தப்பட்ட தோல்வி அது. அண்ணாச்சி வருத்தப்படவில்லை. "அன்னைக்கு ஜெயிச்சு, மறுநாளும் ஜெயிச்சு, கப்பு கிப்பு வாங்கியிருந்தா சினிமாவுக்கு வந்திருப்பானா? எல்லாம் நல்லதுக்குத்தான் தம்பி." அதே 1983இல் விஜய்க்குப் பத்மஸ்ரீ கிடைத்ததும் இந்தப் படத்துக்காகத்தான் என்பது அவர் கட்சி. விருதைக் குடியரசு தினத்துக்கு அறிவிப்பார்கள், படம் வந்தது ஜூனில் என்றால், "ரஷ் போட்டுப் பாத்திருப்பாங்க" என்கிறார்.

பாண்ட் தாஜ்மகாலைத் தாண்டிப் பறந்து வந்து அடுத்த காட்சியில் உதய்பூரில் இருப்பார். ஆக்ராவுக்கும் உதய்பூருக்கும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்குமே என்று ஒரு நாள் வாயைக் கொடுத்தேன். "ஹெலிகாப்டர்ல வர்றவன் வழியில ஒரு எட்டு பாத்துட்டு வரமாட்டானா? நீங்க திருச்செந்தூர் போனா வழியில எட்டயபுரம் மணிமண்டபத்தைப் பாக்கிறதில்லையா?" அதோடு விட்டேன்.

அடுத்த "இப்ப பாருங்க" ஆட்டோத் துரத்தல். விஜய் ஆட்டோ ஓட்ட, பின்னால் கபீர் பேடி வாய் அகன்ற துப்பாக்கியோடு ஜீப்பில் விரட்ட, சந்தையே அல்லோலகலப்படும். ஆணிப் படுக்கை, நெருப்புத் தணல், வாள் விழுங்குகிறவன் என்று வெள்ளைக்காரன் மனசில் இந்தியா எப்படி இருந்ததோ அவ்வளவும் ஒரே தெருவில் வந்துபோகும். நடுவில் விஜய் டென்னிஸ் மட்டையை எடுத்து அடியாட்களை விளாசுவார். வேடிக்கை பார்க்கிற கூட்டத்தின் தலைகள் விம்பிள்டன் மைதானத்தில் திரும்புவதுபோல் இடம் வலம் இடம் வலம் என்று திரும்பும். அந்த இடத்தில் அண்ணாச்சி தலையையும் கவனியுங்கள். திரையைப் பார்க்காமலே, சரியான தாளத்தில் அதுவும் திரும்பும்.

இந்தத் துரத்தலை ஒட்டி ஒரு சின்ன இடம் வரும். சூதாட்டத்தில் ஜெயித்த ரூபாய் நோட்டுகளைப் பாண்ட் நம்மூர்க் கூட்டாளியிடம் நீட்டி, கொஞ்ச வாரத்துக்கு உனக்குக் குழம்புச் செலவுக்கு ஆகும் என்கிற மாதிரி ஒரு கிண்டல் அடிப்பார். ஜேம்ஸ்பாண்ட் படங்களில் இந்தியர்களைப் பற்றி வந்த மட்டமான வசனம் அது. அந்த இடம் நெருங்கும்போது மட்டும் "இப்ப பாருங்க" வராது. "காப்பி சாப்பிடுறீகளா?" என்று சத்தமாகக் கேட்பார். நாம் "இப்பத்தான் அண்ணாச்சி சாப்பிட்டோம்" என்போம். "அட, இன்னொரு வாய் சாப்பிடுங்க" என்று அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏய், காப்பி!" என்று குரல் கொடுப்பார். குரல் அடங்கும்போது வசனம் போயிருக்கும். எத்தனை பேர் பார்த்தாலும், எந்த வருஷம் பார்த்தாலும் அந்த இடத்தில் அந்த வீட்டில் காப்பி உண்டு. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

அண்ணாச்சிக்குத் தொழில் பட்டாசுதான், வேறென்ன. பட்டாசு ஆலையை எங்கள் சிவகாசிப் பக்கத்து வழக்கப்படி ஃபயர் ஆபீஸ் என்போம். கணக்கு எழுதப் போய், ஆர்டர் பிடிக்க வடக்கே போய், கடைசியில் சொந்தமாக ஏஜென்சி. ஆடிப்பெருக்குக்குப் பூஜை போட்டு வியாபாரம் தொடங்கினால் தீபாவளி வரை அவரைப் பிடிக்க முடியாது. அந்த மாதங்களில் நாங்கள் நிம்மதியாக இருப்போம். மழை விழுந்தால்தான் வினை. மருந்து காயாது, சரக்கு காயாது, ஃபயர் ஆபீஸில் வேலை நடக்காது. வானம் கருத்தால் விவசாயி வானத்தைப் பார்ப்பான். நாங்கள் அண்ணாச்சி வீட்டு ஜன்னலைப் பார்ப்போம்.

ராஜஸ்தான் ஆர்டரை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. காரணம் உதய்பூர். பிச்சோலா ஏரி நடுவில் மிதக்கிற அரண்மனையும் மலைமேல் சஜ்ஜன்கர் கோட்டையும் படத்தில் வருகிற இடங்கள். அங்கே இன்னொரு விசேஷமும் உண்டு. ஏரியைப் பார்த்த மொட்டைமாடிச் சாப்பாட்டுக் கடைகளில், சுற்றுலாப் பயணிகளுக்காக, பொழுது சாய்ந்தால் ஆக்டோபஸி போடுவது பல வருஷ வழக்கம். உலகத்தில் தன் நோய் ஒரு ஊருக்கே இருக்கிறது என்று கண்ட மனிதனின் ஆனந்தத்தை நினைத்துப் பாருங்கள். நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஆஸ்திரேலியாக்காரர்களையும் ஜெர்மன்காரர்களையும் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பாஷை தடையாக இல்லையாம். விரலை உயர்த்தினாலே போதுமாம், அவர்களுக்குப் புரிந்துவிட்டதாம். கடைக்காரர் இரண்டாம் நாள் வேறு கடைக்கு வழி சொன்னதைத் தன்மேல் உள்ள அக்கறை என்றே இன்றுவரை நம்புகிறார்.

தொழில் பட்டாசு என்பதால் மற்றப் பாண்ட் படங்களை அவர் பார்க்கும் விதம் தனி. 2015இல் வந்த ஸ்பெக்டர் படத்துக்காக மொராக்கோ பாலைவனத்தில் 8,418 லிட்டர் மண்ணெண்ணெயும் 33 கிலோ வெடிமருந்தும் வைத்துக் கொளுத்தி, சினிமாவிலேயே பெரிய வெடிப்பு என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார்கள். அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். "முப்பத்துமூணு கிலோதான மருந்து? மிச்சமெல்லாம் சீமெண்ணெய். அடுப்புப் பத்த வச்சதுக்கு எதுக்குத் தம்பி கின்னஸு?" நிறத்தைப் பார்த்தே சொல்வார், சிவப்பும் கரும்புகையுமாகப் பொங்கினால் எண்ணெய், பளீரென்று வெள்ளையாக வெட்டினால் அலுமினியப் பவுடர், பச்சை தட்டினால் பேரியம். பேரியத்துக்குச் சுப்ரீம் கோர்ட் 2018இல் தடை போட்டதிலிருந்து, படத்தில் பச்சை வெளிச்சம் தெரிந்தால், "இப்ப இது செல்லாது" என்று ஒரு பெருமூச்சு வேறு.

விஜய் பாதிப் படத்தில் செத்துப்போவார். சுழன்று வரும் ரம்பத்தால் அடியாட்கள் கொன்றுவிடுவார்கள். அதுவரை நம்மைப் பார்த்து உட்கார்ந்திருந்த அண்ணாச்சி அங்கே எழுந்து செம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போவார். திரும்பி வந்தால் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போக மாட்டார். சோபாவில் நம் பக்கத்தில் உட்கார்ந்து முதல்முறையாகத் திரையைப் பார்ப்பார். மேற்கு ஜெர்மனியில் அமெரிக்க விமானத் தளம். சர்க்கஸ் நடக்கிறது. பீரங்கி வண்டிக்குள் அணுகுண்டு. கோமாளி வேஷத்தில் பாண்ட். யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கடிகாரம் இறங்கிக்கொண்டே வருகிறது. கடைசி விநாடியில் டெட்டனேட்டரைப் பிடுங்கி எடுக்கிறார். குண்டு வெடிக்கவில்லை.

"இதுதாம்பா படம்" என்பார் மெதுவாக. மற்ற படங்களில் வில்லன் கோட்டை வெடித்துத் தூள் ஆனால்தான் கைதட்டல். இதில் வெடிக்காததற்குக் கைதட்டல். சிவகாசியில் நேரம்கெட்ட நேரத்தில் ஒரு சத்தம் கேட்டால் யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள், உடனே ஃபோனை எடுப்பார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறக்குறைய நாற்பது பேரைப் பறிகொடுத்த பகுதி இது. அண்ணாச்சி அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்த நாற்காலி மாற்றத்தைப் பற்றி நானும் கேட்டதில்லை. குண்டு அணைந்ததும் எழுந்து தன் பழைய நாற்காலிக்குப் போய், ரயில் மேல் நடந்த சண்டையைப் பின்னால் ஓட்டி, "ஐம்பத்தஞ்சு வயசுல எப்படித் தொங்கினான் பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவார். தொங்கியது ரோஜர் மூர் இல்லை, மார்ட்டின் கிரேஸ் என்ற சண்டைக் கலைஞர். படப்பிடிப்பில் பலத்த அடிபட்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று சொன்னால் காதில் விழாது. காராச்சேவு கொஞ்சம் நகர்த்தி வைக்கப்படும்.

இவ்வளவுக்கும் சிரித்துக்கொண்டு போகலாம். ஒரு விஷயத்துக்கு மட்டும் என்னால் சிரிக்க முடியவில்லை. அது மதினி.

கல்யாணமான நாளிலிருந்து அந்த அடுக்களையில் நின்று அந்தக் காப்பியைப் போடுகிறவர் அவர்தான். அவருக்கும் ஒரு படம் உண்டு. அதுவும் உளவுப் படம்தான்: வல்லவன் ஒருவன். 1966, மாடர்ன் தியேட்டர்ஸ், சி.ஐ.டி.யாக ஜெய்சங்கர். தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று ஊரே கூப்பிட்டது அந்த மனிதரை. வேதா இசை, எல்.ஆர். ஈஸ்வரி பாட்டு. சின்ன வயசில் அம்மாவோடு போய்ப் பார்த்தது என்று ஒரு முறை மதினி எங்கள் வீட்டில் உளுந்து ஊறப்போட்டுக்கொண்டே சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். "இப்ப பாருங்க" என்று யாரும் சொல்லாமலே பார்க்கத் தோன்றியது.

ஒரு மத்தியானம் ஏதோ சேனலில் அந்தப் படம் வந்திருக்கிறது. மதினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். அண்ணாச்சி வந்தார். நின்றபடியே, அந்தத் துப்பாக்கி எப்படிப் பொய், அந்தச் சண்டை எந்த இங்கிலீஷ் படத்தைப் பார்த்து எடுத்தது, ஜெய்சங்கருக்கும் ரோஜர் மூருக்கும் என்ன வித்தியாசம் என்று பேசிக்கொண்டே இருந்தாராம். இடைவேளைக்கு முன்னாலேயே மதினி டி.வி.யை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அண்ணாச்சி, "பாத்தீகளா, அவளுக்கே பிடிக்கல" என்று என்னிடம் வந்து சொல்கிறார். இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக ஊரில் ஒவ்வொருத்தன் முகத்தையும் உற்றுப் பார்க்கிற மனிதர், வீட்டில் இருக்கிற முகத்தைப் பார்க்கவில்லை. 'உனக்கு எந்தப் படம் பிடிக்கும்' என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் ஆக்டோபஸிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஆகவே, தீபாவளிக்குப் பட்டாசு வாங்க எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விருதுநகரில் இறங்கி எண்ணெய் பரோட்டா சாப்பிடுங்கள். சிவகாசி ரோட்டில் எண்பது சதவீதத் தள்ளுபடி என்று எழுதியிருக்கிற போர்டுகளை நம்பாமல் நாலு கடை ஏறி இறங்குங்கள். பில் போடுகிற பெரியவரின் இடுப்பில் சாவிக்கொத்தும், சாவிக்கொத்தில் பென் டிரைவும் தெரிந்தால் டென்னிஸ் பேச்சு வேண்டாம், ராஜஸ்தான் பேச்சும் வேண்டாம். மீறி அவர் வீட்டுக்கே அழைத்துப்போய் சோபாவில் உட்காரவைத்துவிட்டால், காப்பி வருகிற நேரத்தில் அடுக்களைப் பக்கம் திரும்பி, "மதினி, வல்லவன் ஒருவன் போடுங்களேன்" என்று கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள். அந்தப் படம் ஏறிய பென் டிரைவ் ஒன்று மதினியிடமும் இருக்கிறது. போன பொங்கலுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.